ஜகாத்: எவ்வளவு கொடுத்தால் போதும்?

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று ஜகாத். தமிழில் இதை ஏழை வரி என்று எழுதுவோர் உண்டு, தர்மம் என்று சொல்வோரும் உண்டு. இரண்டு சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை. வரி அரசின் கருவூலத்துக்குப் போவது. தர்மம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஜகாத் அப்படியல்ல. ஒருவரிடம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பொருள் சேர்ந்து, அது ஓராண்டு அவர் கையில் இருந்துவிட்டால், அதில் ஒரு பங்கு இல்லாதவருக்கு உரியதாகிவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பங்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் அவருடையதல்ல. கேட்டு வருபவருக்கும், கேட்க முடியாமல் ஒதுங்கி நிற்பவருக்கும் செல்வரின் பொருளில் உரிமை இருக்கிறது என்ற குர்ஆனின் கருத்துதான் இதற்கு அடிப்படை. கொடுப்பவர் தன் கடனைத் தீர்க்கிறார். வாங்குபவர் தன் உரிமையைப் பெறுகிறார். ஜகாத் எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624ஐ ஒட்டி, மதீனாவில் இது கடமையாக்கப்பட்டது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பது நபிகள் நாயகத்தின் காலத்திலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. தங்கம், வெள்ளி, ரொக்கம், வணிகச் சரக்கு ஆகியவற்றுக்கு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். மழையை நம்பி விளைந்த தானியத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் கூடும்போது கடமை பாதியாகக் குறைவது இந்த விதியின் நுட்பம். பாடுபடாமல் கிடைத்த புதையலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். நாற்பது ஆடுகளுக்கு ஓர் ஆடு, முப்பது மாடுகளுக்கு ஒரு கன்று என்று கால்நடைக்குத் தனிக் கணக்கு உண்டு.

கடமை தொடங்கும் எல்லைக்கு நிசாப் என்று பெயர். தங்கத்தில் இது 20 மிஸ்கால், வெள்ளியில் 200 திர்ஹம். இன்றைய எடையில் சுமார் 85 கிராம் தங்கம், 595 கிராம் வெள்ளி என்று கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பதினோரு பவுன் என்று சொல்வது வழக்கம். நபிகள் நாயகத்தின் காலத்தில் இந்த இரண்டின் மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. இன்று தங்கத்தின் விலை எங்கோ போய்விட்டதால், வெள்ளியை அளவாகக் கொண்டால் எளிய குடும்பமும் ஜகாத் கொடுக்க வேண்டியதாகிறது. தங்கத்தைக் கொண்டால் ஓரளவு வசதியுள்ளவர்கள்கூட விடுபட்டுப் போகிறார்கள். பெண்கள் அணியும் நகையிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி என்ற சட்ட வழிமுறையில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபி வழிமுறையில் வழக்கமாக அணிந்துகொள்ளும் நகைக்கு இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழிமுறையினரும், உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபி வழிமுறையினரும் மிகுதி. ஆகவே ஒரே எடை நகை வைத்திருக்கும் இரண்டு தமிழ் வீடுகளில் கணக்கு வேறு வேறாக வரக்கூடும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் இவ்வளவு வேறுபாடு இல்லை. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயமான அத்தவ்பாவில் அறுபதாம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஒன்றுமே இல்லாதவர், இருந்தும் போதாதவர், ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர், அடிமைத்தளையில் இருப்பவர், கடனில் மூழ்கியவர், இறைவழியில் பாடுபடுபவர், வழியில் கைப்பொருள் இழந்து நிற்கும் பயணி. பள்ளிவாசல் கட்டுவதும் மினாரா எழுப்புவதும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு வக்ஃப் என்ற நிலையான அறக்கொடையும் சதகா என்ற விருப்பக் கொடையும் இருக்கின்றன. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன் தலைக்கு ஓர் அளவு தானியம் கொடுக்கும் ஃபித்ராவும் வேறு; பெருநாளன்று யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஜகாத்தையும் ஃபித்ராவைப் போல் ஒருநாள் உதவியாக்கிவிட்டது பிற்கால வழக்கம். சதகாவை எந்த மதத்தவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஜகாத்தை ஏழை முஸ்லிம்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் நிலை. உள்ளம் இணக்கப்பட வேண்டியவர் என்ற வகையில் பிறருக்கும் இடமுண்டு என்று கருதுவோர் இருக்கிறார்கள்.

இங்கிருந்து வரும் கேள்விதான் முக்கியமானது. தகுதியுள்ள ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இன்றைய நடைமுறையைப் பார்த்தால் ஒரு சேலை, ஐந்து கிலோ அரிசி, சில நூறு ரூபாய் என்றுதான் பதில் கிடைக்கும். சட்ட நூல்கள் சொல்வது வேறு. கொடுத்தால் தன்னிறைவு அடையும்படி கொடுங்கள் என்ற கருத்தை இரண்டாம் கலீஃபா உமர் சொன்னதாக, ஒன்பதாம் நூற்றாண்டில் மறைந்த அபூ உபைத் தம் 'கிதாபுல் அம்வால்' நூலில் பதிவு செய்கிறார். பதிமூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவீ, ஷாஃபி வழிமுறையின் தூண்களில் ஒருவர். 'அல்-மஜ்மூஉ' என்ற தம் பெருநூலில் இந்தக் கேள்வியை ஒவ்வொரு தொழிலாக எடுத்துப் பார்க்கிறார். கைத்தொழில் தெரிந்தவருக்கு அவருடைய கருவிகளை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும், விலை கூடுதலானாலும் சரி. வணிகம் தெரிந்தவருக்கு அந்த வணிகத்துக்குத் தேவையான முதல். கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும்; மணிக்கல் வியாபாரிக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் காரியம் ஆகாது என்றால் பத்தாயிரம் திர்ஹம்கூட. தொழில் எதுவும் செய்ய முடியாதவருக்கு, அந்த ஊரில் ஒருவர் சராசரியாக வாழும் காலம் முழுவதற்கும் போதுமானது கிடைக்கும்படி, வருமானம் தரும் நிலமோ கட்டடமோ வாங்கித் தர வேண்டும்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பகுதி இன்றும் வியப்பளிக்கிறது. ஏழைக்கு இவ்வளவுதான் என்று மேலிருந்து ஒரு தொகை இங்கே நிர்ணயிக்கப்படவில்லை. வாங்குபவரின் தொழில், அதன் முதலீடு, அந்த ஊரின் நிலைமை ஆகியவைதான் தொகையை முடிவு செய்கின்றன. அடுத்த ஆண்டு அவர் மறுபடியும் வரக்கூடாது என்பதே குறி. எல்லா வழிமுறைகளும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஓராண்டுத் தேவைக்கு என்று நிறுத்திக்கொள்வோர் உண்டு. ஒருவருக்கு நிசாப் அளவை எட்டும்படி கொடுப்பதை ஹனஃபி அறிஞர்கள் விரும்பத்தகாததாகக் கருதினார்கள். கடன்காரரையும் பெரிய குடும்பமுள்ளவரையும் அதிலிருந்து விலக்கினார்கள். இருந்தும், 200 திர்ஹம் என்ற அந்த ஹனஃபி எல்லைகூட இன்றைய ரமலான் பொட்டலத்தைவிடப் பல மடங்கு பெரியது.

சிதறிக் கொடுத்தால் ஏற்படும் விபரீதத்துக்குச் சான்றுகள் உண்டு. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பசுருவான் என்ற ஊரில், 2008 செப்டம்பரில், ஒரு செல்வர் தம் வீட்டு வாசலில் ஜகாத் கொடுத்தபோது கூட்டம் நெரிந்து 21 பெண்கள் இறந்தார்கள். அவர்கள் வாங்க வந்த தொகை ஆளுக்கு 30,000 ரூபியா, அன்றைய மதிப்பில் மூன்று டாலர் அளவு. ஏமன் தலைநகர் ஸனாவில் 2023 ஏப்ரலில், வணிகர்கள் ரமலான் உதவி வழங்கிய பள்ளிக்கூடத்தில் நேர்ந்த நெரிசல் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மக்களும் பத்து டாலருக்கும் குறைவான தொகைக்காகத்தான் காத்திருந்தார்கள். தங்களுக்கு உரிமையான பங்கை வாங்கப் போன இடத்தில் அவர்கள் மிதிபட்டு இறந்தார்கள் என்பதைச் சாதாரண விபத்தாக எண்ணிக் கடந்துபோக முடியாது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் ஐயம் இல்லை. ஊரில் யாருக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல், வந்தவருக்கெல்லாம் சமமாக என்று கதவைத் திறந்ததில்தான் பிழை.

ஆரம்பத்தில் ஜகாத் இப்படித் தனித்தனிக் கைகளால் பங்கிடப்பட்டதல்ல. ஆட்சியே திரட்டி, ஆட்சியே வழங்கியது. நபித்தோழர் முஆத் இப்னு ஜபல் ஏமனுக்கு அனுப்பப்பட்டபோது, அந்த ஊர்ச் செல்வரிடம் பெற்று அந்த ஊர் ஏழைகளுக்கே கொடுக்கும்படி பணிக்கப்பட்டார். ஒவ்வொரு வட்டாரத்தின் ஜகாத்தும் முதலில் அந்த வட்டாரத்துக்கே என்ற விதி இதிலிருந்து வந்தது. பின்னர் உமரின் ஆட்சியில் முஆத் ஓராண்டு மூன்றில் ஒரு பங்கையும், அடுத்த ஆண்டு பாதியையும், அதற்கடுத்த ஆண்டு முழுவதையும் மதீனாவுக்கு அனுப்பினார். இங்கே வாங்க ஆள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இதையும் அபூ உபைதுதான் பதிவு செய்கிறார். மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில், ரொக்கம், தங்கம் போன்ற மறைவான செல்வத்தின் ஜகாத்தை உடையவரே கொடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. மக்களின் பெட்டிகளைத் துழாவ வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். நாளடைவில், ஆட்சி பலவீனப்பட்ட இடங்களில் எல்லாம் ஜகாத் முழுக்கத் தனிநபர் காரியமாக மாறியது.

மீண்டும் அரசின் கைக்குக் கொண்டுவந்த நாடுகளின் அனுபவம் ஒரே மாதிரியாக இல்லை. பாகிஸ்தானில் ஜியாவுல் ஹக் ஆட்சி 1980இல் சட்டம் போட்டு, ரமலான் முதல் நாளில் வங்கிச் சேமிப்பிலிருந்து 2.5 சதவீதத்தைக் கழிக்கத் தொடங்கியது. ஷியா பிரிவினர் இஸ்லாமாபாதில் திரண்டு எதிர்த்து விலக்குப் பெற்றார்கள். மற்றவர்களில் பலர் ரமலானுக்கு முன்பே வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிடும் பழக்கத்துக்கு வந்தார்கள். யாருக்குப் போகிறது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் கட்டாயம் எடுபடவில்லை. மலேசியாவில் மாநில சமய மன்றங்கள் திரட்டுகின்றன. தனிநபர் செலுத்தும் ஜகாத் தொகை அவருடைய வருமான வரியிலிருந்து அப்படியே கழிக்கப்படுவதால், மக்கள் முறையாக ரசீது பெற்றுச் செலுத்துகிறார்கள். சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த இஸ்லாமிய சமய மன்றம் ஜகாத்தைத் திரட்டி, ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அங்குள்ள தமிழ் முஸ்லிம்களின் ஜகாத்தும் இதே வழியில் போகிறது. இந்தோனேசியா 2001இல் பஸ்னாஸ் என்ற தேசிய வாரியத்தை ஏற்படுத்தியது. ஐ.நா. அகதிகள் ஆணையம்கூட 2019இல் அகதிகளுக்கான ஜகாத் நிதியைத் தொடங்கியது. அகதிகளில் பலர் ஜகாத் பெறத் தகுதியுள்ள வகைகளுக்குள் வருவதால் இதற்குச் சட்ட அறிஞர்களின் ஒப்புதலும் கிடைத்தது.

இந்தியாவில் ஜகாத்துக்கு அரசுக் கட்டாயமும் இல்லை, தனிச் சட்டமும் இல்லை. முழுக்க நம்பிக்கையின் பேரில் நடப்பது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம் பேர், மக்கள்தொகையில் 5.86 சதவீதம். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழில் முதலாளிகளும், வளைகுடாவிலும் கிழக்காசியாவிலும் தொழில் செய்வோரும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களும் பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் குடும்பங்களும் இருக்கிறார்கள். கொடுக்கக் கடமைப்பட்டவரும் வாங்க உரிமைப்பட்டவரும் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே, பல இடங்களில் ஒரே பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவுக்குள்ளேயே வாழ்கிறார்கள். இந்த இருவரையும் இணைக்கும் இடம் பள்ளிவாசல் ஜமாஅத். அதன் ஒரு பிரிவாக அமைவது பைத்துல்மால், ஊரின் பொதுநிதி.

பைத்துல்மால் இயங்கும் ஊர்களில் வேலை நடக்கும் விதம் எளிமையானது. ஊரார் ஜகாத்தின் முழுவதையோ ஒரு பகுதியையோ அதில் செலுத்துகிறார்கள். விண்ணப்பம் வாங்கி, வீடு தேடிப்போய் விசாரித்து, குழு கூடி முடிவெடுக்கிறார்கள். தையல் இயந்திரம், தள்ளுவண்டி, ஆட்டோவுக்கான முன்பணம், கல்லூரிக் கட்டணம், அறுவைச் சிகிச்சைச் செலவு என்று உதவிகள் அமைகின்றன. பல ஊர்களில் வட்டியில்லாக் கடனும் உண்டு. ஜகாத்தை வாங்குபவருக்கே சொந்தமாக்கிவிட வேண்டும் என்ற விதி இருப்பதால், கவனமான நிர்வாகிகள் இந்தக் கடனுக்கு சதகா நிதியைத் தனியே ஒதுக்குகிறார்கள். வெளிநாடுகளில் வாழும் காயல்பட்டினத்தார் அந்தந்த நாட்டில் காயல் நல மன்றம் அமைத்து, ஊரின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் சேர்ந்து பணம் அனுப்பிவருவது இந்த வகையில் நல்ல முன்னுதாரணம். ஹைதராபாதில் 1992இல் தொடங்கிய ஹைதராபாத் ஜகாத் அறக்கட்டளை பள்ளிக்கல்விக்கும், டெல்லியில் 1997இல் தொடங்கிய இந்திய ஜகாத் அறக்கட்டளை குடிமைப் பணித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் நிதியைத் திருப்பின. சிறு தொகைகள் ஒன்றுசேரும்போது என்ன செய்ய முடியும் என்பதற்கு இவை சாட்சி.

ஆனாலும் பைத்துல்மாலுக்கு வருவது ஊரின் மொத்த ஜகாத்தில் ஒரு பகுதிதான். மீதி வீட்டு வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு லட்சம் ரூபாய் ஜகாத் கொடுக்க வேண்டியவர் அதை ஐநூறு ஐநூறாக இருநூறு பேருக்குக் கொடுத்தால், இருநூறு குடும்பங்களில் ஒரு நாள் செலவு நடக்கும். இருநூறு பேரும் அடுத்த ரமலானில் திரும்ப வருவார்கள். அதே தொகை கந்துவட்டிக்காரரிடம் மாட்டிய ஒரு பெண்ணின் கடனை முழுதாக அடைத்துவிடும். கடனில் மூழ்கியவரைக் குர்ஆன் தனி வகையாகவே சொல்லியிருந்தும், தமிழ்நாட்டு ஜகாத்தில் இந்த வகைக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. குழுக்கடன் தவணைக்காக இன்னொரு குழுவில் கடன் வாங்கும் பெண்கள் எந்த மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் ரசீது புத்தகத்தோடு வருவதில்லை, தெருவில் கை நீட்டுவதும் இல்லை. அதனால் கொடுப்பவர் கண்ணில் படுவதில்லை.

மறுபுறம், குமர் காரியம், அதாவது மகளின் திருமணச் செலவு, என்ற பெயரில் ஜமாஅத் கடிதத்தோடு ஊர் ஊராகப் போகும் தகப்பன்மார் இருக்கிறார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்க உதவுவது புண்ணியம் என்று மனமுவந்து கொடுக்கிறார்கள். கைக்கூலி என்ற வரதட்சணையாகவும் நகையாகவும் அந்தப் பணம் போய்ச் சேரும் இடம் மாப்பிள்ளை வீடு. ஏழைக்கு உரிய பங்கு, ஜகாத் வாங்கத் தகுதியற்ற ஒரு குடும்பத்தின் கைக்கு இப்படி மாறிவிடுகிறது. கைக்கூலி கேட்கும் திருமணத்தைப் பதிவு செய்ய மாட்டோம் என்று ஜமாஅத்துகள் உறுதியாக நிற்பதும், ஜகாத் நிதியை அதற்குத் தர மறுப்பதும் ஒன்றாக நடந்தால்தான் இந்தக் கசிவு நிற்கும். அந்தத் தகப்பனைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவரை அலைய வைத்த வழக்கத்துக்கு ஜகாத் பணம் தீனி போடக்கூடாது.

ரமலானில் கொடுத்தால் நன்மை பன்மடங்கு என்ற நம்பிக்கையால் ஏறக்குறைய முழு ஜகாத்தும் ஒரே மாதத்தில் தீர்கிறது. சட்டப்படி ஒவ்வொருவருக்கும் பொருள் சேர்ந்து சந்திர ஆண்டு நிறையும் நாளே கணக்கு நாள். அது முஹர்ரமாகவும் இருக்கலாம், ரஜபாகவும் இருக்கலாம். ஆங்கில நிதியாண்டை வைத்துக் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள், அது சந்திர ஆண்டைவிடப் பதினொரு நாள் நீளம் என்பதால் 2.577 சதவீதம் என்று கொடுக்க வேண்டியிருக்கும். கல்லூரிக் கட்டணம் ஜூன், ஜூலையில் வருகிறது. டயாலிசிஸ் வாரந்தோறும் தேவைப்படுகிறது. ரமலானோ ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பைத்துல்மாலில் சேர்ந்த பணத்தை ஓராண்டுக்குள் தேவைக்கேற்ப வழங்கும் ஏற்பாடு இருந்தால், கொடுப்பவர் ரமலானிலேயே தம் கடமையை முடித்துக்கொள்ளலாம். பெறுபவருக்கு அவசரமான வேளையில் உதவி கிடைக்கும்.

நாட்டின் சட்டங்களும் நிர்வாகிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் கீழ், பதிவோ முன் அனுமதியோ பெறாத அமைப்பு வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து நன்கொடை பெற முடியாது. வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர் இந்தியக் குடிமகனாகவே இருப்பதால், அவர் தம் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். ஒரே ஊரைச் சேர்ந்த அண்ணன் தம்பி அனுப்பும் பணத்தைக்கூட வேறு வேறாக நடத்த வேண்டியிருக்கிறது. 2020இன் திருத்தம், இவ்வாறு பெற்ற நிதியை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு மதச் சமூகத்தின் நன்மைக்கு என்றே அமைந்த அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்கு வருமான வரிச் சலுகை கிடைப்பதில்லை. மலேசியாவில் மக்களை ரசீது கேட்க வைத்த ஊக்கம் இங்கே இல்லை. ஆகவே ஊரின் நம்பிக்கை ஒன்றுதான் பைத்துல்மாலின் மூலதனம். ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் ஊர்களில் வரவு கூடுவது இயல்பு. வந்த தொகை, போன தொகை, எந்த வகைக்கு எவ்வளவு என்பது அதில் இருந்தால் போதும். வாங்கியவரின் பெயரும் படமும் ஒருபோதும் வரக்கூடாது. உரிமையைப் பெற்றவரைப் புகைப்படத்தில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

எட்டு வகையில் மூன்றாவதாக வரும் பணியாளரைத் தமிழ்நாட்டு ஜமாஅத்துகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. ஜகாத்திலிருந்தே அவருக்குக் கூலி கொடுக்கக் குர்ஆன் இடம் வைத்திருக்கிறது. அது எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஷாஃபி வழிமுறை. இந்தோனேசியாவும் 12.5 சதவீதம் என்ற அளவையே பின்பற்றுகிறது. இங்கோ இந்த வேலை முழுவதும், கடையை அடைத்துவிட்டு இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு கூடும் நாலைந்து பேரின் தலையில் விழுகிறது. அவர்களால் ரமலானில் பகிர்ந்து கொடுக்க முடியும். பதினோரு மாதமும் வீடு வீடாகப் போக முடியாது. ஒரு பெண் உட்பட இருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், கைம்பெண்கள் இருக்கும் வீடுகளிலும் தயக்கமின்றி விசாரிக்க முடியும். குடும்ப அட்டையும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் கல்வி உதவித்தொகையும் யாருக்கு விடுபட்டிருக்கின்றன என்று பார்த்து, அரசு தர வேண்டியதை முதலில் வாங்கிக் கொடுத்து, மீதித் தேவைக்கு மட்டும் ஜகாத்தை வைத்துக்கொள்ள முடியும். தையல் இயந்திரம் கொடுத்த வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் போய், அது ஓடுகிறதா, நூலுக்கும் துணிக்கும் கையில் பணம் இருக்கிறதா, கடையில் விற்றுவிட்டார்களா என்று கேட்கவும், விற்றிருந்தால் ஏன் என்று அறிந்து குழுவிடம் சொல்லவும் அவர்கள் வேண்டும்.